தீப்பொறி கேட்காத எஞ்சின்

பல் விழுந்த பிறகு எங்கள் பாட்டி வெற்றிலை பாக்கை இடித்து மெல்வதற்கு ஒரு பித்தளைக் குழலும் உலக்கை போன்ற சிறு தண்டும் வைத்திருந்தார். அதைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி கோபெக் என்பார். மலாய்க்காரர்களிடம் கோபெக் அப்பி என்று இன்னொன்றும் இருந்தது, அதாவது தீக் கோபெக். மரத்திலோ கொம்பிலோ கடைந்த, ஒரு முனை மூடிய குழலுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் தண்டு. தண்டின் நுனியில் உள்ள குழியில் துளி பஞ்சை வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடி அடித்து, உடனே தண்டை வெளியே இழுத்தால் பஞ்சு கனன்றுகொண்டிருக்கும். கல்லும் இல்லை, தீக்குச்சியும் இல்லை. உள்ளே அடைபட்ட காற்று சட்டென்று நசுங்கும்போது சூடாகிறது, அவ்வளவுதான்.

டீசல் எஞ்சின் செய்வதும் இதைத்தான். பெட்ரோல் எஞ்சின் தன் காற்றைப் பத்து மடங்கு அளவில் சுருக்கி, ஸ்பார்க் பிளக்கின் பொறிக்காகக் காத்திருக்கிறது. டீசல் எஞ்சின் வெறும் காற்றை மட்டும் உள்ளிழுத்து, பதினாறு முதல் இருபது மடங்கு வரை சுருக்கி, 500 பாகை செல்சியசுக்கும் மேலே சூடாக்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகே எண்ணெயைப் பீய்ச்சுகிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்வதற்கு 200 பாகையைச் சற்றே தாண்டினால் போதும் என்பதால், அதற்குப் பொறி எதுவும் தேவைப்படுவதில்லை.

இதில் மலேசியாவின் பினாங்குக்கு ஒரு பங்கு உண்டு என்று சொல்லப்படும் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். குளிரூட்டும் இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற கார்ல் ஃபொன் லிண்டே, பினாங்கில் தமக்குப் பரிசாகக் கிடைத்த தீக் கோபெக்கை மியூனிக்கில் தம் வகுப்பில் அடித்துக் காட்டினாராம். அங்கே உட்கார்ந்திருந்த ருடால்ஃப் டீசலின் மனத்தில் அப்போது விழுந்த வித்துதான் இந்த எஞ்சினாம். பினாங்குக்காரன் என்ற முறையில் இதை நம்ப ஆசைதான். ஆனால் அதைவிட உறுதியான காரணம் ஒன்று இருக்கிறது. நீராவி எஞ்சின்கள் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்பதை அதே லிண்டேயின் வகுப்பில்தான் டீசல் கேட்டார். அந்த வீணடிப்பு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

காப்புரிமை 1893இல் கிடைத்தது. அவ்வாண்டு ஆக்ஸ்பர்க் நகரில் நடந்த முதல் சோதனையில் அழுத்தமானி வெடித்துச் சிதறியது. 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தபோதோ, வெப்பத்தை வேலையாக மாற்றும் எஞ்சினின் திறன் 26.2 விழுக்காடாக இருந்தது. 1913 செப்டம்பர் 29ஆம் தேதி இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த 'டிரெஸ்டன்' கப்பலிலிருந்து டீசல் காணாமல் போனார். அது நீராவிக் கப்பல் என்பது விதியின் கிண்டல். அதற்கு ஓராண்டுக்கு முன்புதான் 'செலாண்டியா' என்ற டேனிஷ் கப்பல், புகைபோக்கியே இல்லாமல், டீசல் எஞ்சின் பலத்தில் கோப்பன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குப் பயணம் செய்திருந்தது.

நூல்கள் சொல்லாத சிலவற்றைப் பட்டர்வொர்த்தில் லோரிகளைப் பழுதுபார்க்கும் என் சித்தப்பாவிடம் கற்றுக்கொண்டேன். பள்ளி விடுமுறைகளில் அவர் பட்டறையில் எனக்குக் கிடைத்த வேலை, எண்ணெய் தீர்ந்து நடுவழியில் நின்றுபோய், இழுத்துக்கொண்டு வரப்பட்ட லோரிகளுக்கு 'ஏர் எடுப்பது'. டாங்கியில் எண்ணெயை நிரப்பினால் மட்டும் டீசல் எஞ்சின் உயிர்பெறாது. குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் தலையில் உள்ள சிறு கைப்பம்பை நான் அமுக்கிக்கொண்டே இருப்பேன். அவர் எண்ணெய்ப் பம்பில் உள்ள காற்றுத் திருகை ஒரு சுற்றுத் தளர்த்துவார். முதலில் நுரையாகக் கொப்பளிக்கும். பிறகு குமிழ்கள் குறையும். கண்ணாடி போலத் தெளிந்த எண்ணெய் வழியத் தொடங்கிய நொடியில் திருகை முறுக்கிவிடுவார். காற்றைச் சுருக்கிப் பிழைக்கும் எஞ்சின் எண்ணெய்க் குழாயில் ஒரு குமிழ் காற்று இருந்தால் செத்துப்போவது ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். காரணம் அதே சுருக்கம்தான்: பம்பு கொடுக்கும் அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிட, எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஊசியைத் தூக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பொறி இல்லாததால் இன்னொரு வினோதமும் உண்டு: பழைய லோரிகளில் சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது; எண்ணெயை நிறுத்தும் கம்பியைத் தனியாக இழுக்க வேண்டும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ தேய்ந்து, அதன் வழியே எஞ்சின் தன் மசகெண்ணெயையே குடிக்கத் தொடங்கினால் அந்தக் கம்பியாலும் பயனில்லை. அப்படி ஒருமுறை வெறிபிடித்துக் கதறிய எஞ்சினின் காற்றுக் குழாய் வாயில் சித்தப்பா ஒரு பலகையை வைத்து அழுத்தி அதை மூச்சடைக்க வைத்ததைப் பார்த்தேன். வெள்ளைப் புகையில் பட்டறையே மறைந்துபோயிற்று.

டீசலின் 'கடகட' சத்தத்திற்கும் விளக்கம் உண்டு. பீய்ச்சிய எண்ணெய் அந்தக் கணமே பற்றுவதில்லை; மிகச் சிறிய தாமதத்தில் சேர்ந்துவிட்ட துளிகள் ஒரே சமயத்தில் வெடிப்பதால்தான் அந்த இடிப்பு. எஞ்சின் குளிர்ந்திருக்கும் அதிகாலையில் தாமதம் நீள்வதால் சத்தமும் கூடும்.

பெரிய கப்பல்களிலோ எல்லாமே நிதானம். கொள்கலன் கப்பல்களுக்காகச் செய்யப்பட்ட வார்ட்சிலா நிறுவனத்தின் பதினான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று சுமார் 2,300 டன் எடையுள்ளது. நிமிடத்திற்கு 102 சுற்றுதான் சுற்றும். ஆனாலும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதியை அது வேலையாக மாற்றிவிடுகிறது. நீரிணையில் தொலைவில் நகரும் கப்பல்களைப் பார்க்கும்போதெல்லாம் ஷ்ரோட்டரின் 26.2 என் நினைவுக்கு வரும்.

எந்த எண்ணெயானாலும் பற்றவைக்கும் குணமும் டீசல் எஞ்சினுக்கு உடன்பிறந்தது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறு டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். இங்கே 2019 முதல் வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனையிலிருந்து வருவதால், தோட்டத்தில் பழக்குலை வெட்டியவர்களின் பிள்ளைகள் ஓட்டும் லோரிகளிலும் செம்பனைதான் எரிகிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசலின் லிட்டர் விலை 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறிய வாரம், சித்தப்பாவின் பட்டறையில் வேறு பேச்சே இல்லை.

இவ்வளவும் தெரிந்த நான், சென்ற ஆண்டு அவசரத்தில், கறுப்புப் பிடியை எடுப்பதற்குப் பதிலாக மஞ்சள் பிடியை எடுத்து, என் டீசல் பிக்கப்பில் முப்பது லிட்டர் பெட்ரோலை ஊற்றிவிட்டேன். டீசல் பம்புக்கு டீசலே மசகு. பெட்ரோலுக்கு அந்த வழவழப்பு கிடையாது, உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும். நல்லவேளையாகச் சாவியைத் திருப்பும் முன்பே ரசீதைப் பார்த்தேன். வண்டியைத் தள்ளி ஓரங்கட்டிவிட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது சித்தப்பா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சாவியைக் கையிலேயே வச்சிரு, நான் வரேன்" என்றார். டாங்கியிலிருந்து வடித்த கலவையை அவர் வீணாக்கவில்லை. வெகுநாள் வரை நட்டு போல்ட்டுகளை அதில்தான் ஊறவைத்துக் கழுவினார். நான் போகும்போதெல்லாம் அந்த வாளியை என் காலருகே தள்ளி வைப்பார்.