பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் காலில் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டது

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் பேச்சு வந்ததா, கையைத் தூக்குகிறாரா என்றுதான் கேட்பார்கள். கால் வீங்கியிருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் டாக்டரும் நர்ஸ்களும் எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த விழுந்துபோன காலைப் பற்றித்தான். வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் கோத்தகிரி பக்கம். அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு. காலையில் எழுப்பும்போதே இடது கையும் காலும் வரவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. 108-ஐக் கூப்பிட்டு, மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தோம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, ரத்தக் கசிவு இல்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அப்பாவுக்குத் தூக்கத்திலேயே வந்துவிட்டதால் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் போடவில்லை.

மறுநாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, "தலைக்குப் பார்க்க வேண்டியதை நாங்க பார்க்கிறோம். காலை நீங்களும் பார்த்துக்கணும்" என்றார். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி இறுகித் தளர்ந்து, கீழே இருக்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கால் அசையாமல் கிடந்தால் அந்த வேலை நின்றுபோய், ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களான சிரைகளில், ஆழத்தில் இருப்பவற்றில், ரத்தம் தேங்குகிறது. உடம்பில் தண்ணீரும் குறைந்தால் இன்னும் சுலபமாக உறைகிறது. உறைந்த கட்டி காலிலேயே இருந்தாலும் தொல்லைதான். பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. முதல் சில வாரங்களில் இந்தப் பயம் அதிகம் என்றார்.

"அதான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுக்கறீங்களே டாக்டர்" என்று சித்தப்பா கேட்டார். அங்கே கொடுத்தது ஆஸ்பிரின். மறுபடி மூளையில் அடைப்பு வராமல் இருக்க அது தேவை, ஆனால் படுத்துக் கிடப்பவரின் கால் சிரைக்கு அதை மட்டும் நம்ப முடியாது என்று விளக்கினார். ஹெபாரின் வகை ஊசியைக் குறைந்த அளவில் போட்டால் காலில் கட்டி வருவது குறையும். ஆனால் அடிபட்ட மூளைப் பகுதியில் ரத்தம் கசியும் அபாயம் கூடும். அப்பாவுக்குப் பாதிப்பு கொஞ்சம் பெரிய இடத்தில் இருந்ததால், முதலில் ஊசி வேண்டாம், மெஷின் வைக்கலாம் என்று முடிவு செய்தார். பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கு அதே டாக்டர் ஊசிதான் எழுதினார். இது ஆளுக்கு ஆள் மாறும் முடிவு. 'அவருக்குப் போட்டார்களே, எங்களுக்கு ஏன் இல்லை' என்று சண்டை போடுவதில் பயனில்லை. காரணத்தைக் கேட்டால் சொல்கிறார்கள்.

மெஷின் என்பது இரண்டு காலிலும் தொடை வரை சுற்றும் ஒரு பட்டை, அதிலிருந்து கட்டிலோரத்துப் பெட்டிக்கு ரப்பர் குழாய். பட்டைக்குள் காற்று நிரம்பி இறுகும், பிறகு தளரும், இரவு பகலாக அதே வேலை. கட்டுவதற்கு முன் டாக்டர் இரண்டு பாதத்தின் மேலும் விரல் வைத்து நாடி பார்த்தார். சர்க்கரையும் பழைய பீடிப் பழக்கமும் இருப்பதால் காலுக்கு வரும் ரத்த ஓட்டமே குறைவாக இருந்தால் இதைக் கட்டக் கூடாதாம். ஏற்கெனவே கட்டி இருந்தாலும், தோலில் புண் இருந்தாலும், இதயம் ரொம்பப் பலவீனமாக இருந்தாலும் கட்ட மாட்டார்கள். நர்ஸ் அக்கா ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் பட்டையைப் பிரித்து, குதிகாலும் முழங்காலும் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டினார்.

ஒன்று மட்டும் கவனித்தேன். ஸ்கேனுக்கோ பிசியோதெரபிக்கோ கொண்டுபோகும்போது குழாயைக் கழற்றுகிறார்கள். திரும்பி வந்தபிறகு மாட்டுவதற்கு யாராவது நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. வார்டில் அத்தனை பேரைப் பார்க்கும் நர்ஸிடம் குறை சொல்ல மாட்டேன். உடனிருப்பவர் காது கொடுத்துக் கேட்டால் போதும், காற்று ஏறி இறங்கும் சத்தம் நின்றிருந்தால் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். ராத்திரி முழுக்க அம்மாவும் நானும் மாற்றி மாற்றி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இதற்கிடையில் சித்தப்பா மெடிக்கல் ஷாப்பில் நல்ல விலை கொடுத்து, தொடை வரை வரும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் வாங்கி வந்தார். வேரிகோஸ் உள்ளவர்கள் போடுவது. குளிருக்கும் ஆகும், ரத்தமும் உறையாது என்று அவர் நம்பிக்கை. டாக்டர் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பக்கவாத நோயாளிகள் 2,518 பேரை வைத்து 2009-இல் வெளிவந்த கிளாட்ஸ் ஆய்வில், ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்களில் 10 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 10.5 சதவீதம் பேருக்கும் காலில் கட்டி வந்தது. கிட்டத்தட்ட ஒன்றுதான். தோல் கிழிவது, கொப்புளம், புண் மட்டும் 1 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் கூடியது. அதே குழு 2013-இல் இந்தக் காற்று மெஷினை 2,876 பேரிடம் சோதித்தபோது, காலில் கட்டி வந்தது மெஷின் வைக்காதவர்களில் 12.1 சதவீதம், வைத்தவர்களில் 8.5 சதவீதம். உணர்ச்சி இல்லாத காலில் ஸ்டாக்கிங்ஸ் வெட்டினாலும் அப்பாவுக்கு வலிக்காது, அவர் சொல்லவும் மாட்டார் என்று டாக்டர் சொன்னதும் சித்தப்பா பில்லோடு கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உட்கார வைப்பது பற்றியும் எங்களுக்குள் அபிப்பிராய பேதம் இருந்தது. சீக்கிரம் நடக்க வைத்தால் சீக்கிரம் சரியாகும் என்பது அத்தையின் கட்சி. முதல் 24 மணி நேரத்துக்குள் அதிகமாக எழுப்பி நடமாட வைத்தவர்கள் மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அவ்வளவு நன்றாக இல்லை என்று 2015-இல் அவெர்ட் என்ற ஆய்வு காட்டியதாக பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அதற்காகப் படுக்கையிலேயே போட்டு வைப்பதும் தப்பு. கொஞ்ச நேரம், அடிக்கடி என்பதுதான் அவர் முறை. முதலில் தலைப்பக்கம் உயர்த்தி, பிறகு கட்டில் விளிம்பில், அப்புறம் நாற்காலி.

வீட்டுக்கு வந்தபிறகுதான் பெரிய பாடு. மெஷின் ஆஸ்பத்திரியோடு போயிற்று. எங்கள் வீடு ரோட்டிலிருந்து படியிறங்கிப் போகும் சரிவில் இருக்கிறது. நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கித்தான் இறக்கினோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்ய ஒரு தங்கை வீட்டுக்கே வந்தாள். பாதத்தை மேலே மடக்கிக் கீழே நீட்டுவது, முழங்காலை மடக்கி நீட்டுவது, எல்லாவற்றையும் அம்மாவின் கையைப் பிடித்தே கற்றுக்கொடுத்தாள். வலது கால் நன்றாக இருப்பதால் அதை அப்பாவே அசைக்க வேண்டும், சும்மா கிடக்க விடாதீர்கள் என்றாள்.

தண்ணீர் இன்னொரு போராட்டம். ஆஸ்பத்திரியில் விழுங்கும்போது இருமியதால் மூக்குக் குழாய் வழியாக அளந்து ஊற்றினார்கள், கவலையில்லை. குழாயை எடுத்தபிறகு, இந்த மலைக் குளிரில் அவர் தண்ணீரைத் தொடவே மாட்டேன் என்றார். அடிக்கடி ஒன்றுக்குப் போக ஆள் கூப்பிட வேண்டுமே என்ற கூச்சமும் இருந்தது, பாவம். வெந்நீரில் சீரகம் போட்டு ஃபிளாஸ்கில் வைத்து, நிமிர்ந்து உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். யூரின் கேனைக் கட்டிலோரமே மாட்டினோம். அதன் பிறகு குடித்தார்.

ஒரு நாள் குளிப்பாட்டும்போது இடது கெண்டைக்கால் பெரிதாகத் தெரிகிறது என்று அம்மா சொன்னாள். தையல் டேப்பை எடுத்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் ஒரே உயரத்தில் சுற்றி அளந்தோம். மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சும்மா விடக் கூடாது என்று டிஸ்சார்ஜ் அன்றே சொல்லியிருந்தார்கள். இருந்தது. தொட்டால் சூடாகவும் இருந்தது. அப்பா வலி என்று சொல்லவில்லை, அவருக்குத் தெரிய வாய்ப்பும் இல்லை. அதற்குள் அத்தை நீலகிரித் தைலத்தோடு வந்துவிட்டார், நன்றாக உருவிவிட்டால் வீக்கம் வடியும் என்று. எங்கள் ஊரில் எந்தக் கால் வலிக்கும் முதல் வைத்தியம் அதுதான். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அண்ணி, உள்ளே கட்டி இருந்தா உருவறதுல நகர்ந்து நெஞ்சுக்குப் போயிடும்." அத்தைக்கு வருத்தம்தான். ஆனாலும் மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றே ஊட்டிக்குக் கொண்டுபோய், கால் குழாய்களில் ரத்தம் ஓடுவதைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். தொடையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கட்டி இல்லை. உடம்பில் எங்காவது ரத்தக் கட்டி உருவாகிக் கரைகிறதா என்று காட்டும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை மட்டும் கூடுதலாகக் காட்டியது. பக்கவாதம் வந்தவர்களுக்கு வேறு காரணங்களாலும் அது கூடலாமாம். கெண்டைக்காலில் சின்னதாக ஏதாவது இருந்து மேலே ஏறுகிறதா என்று பார்க்க ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள். இன்னொரு தடவை படியேற்றித் தூக்க வேண்டுமே என்று யோசித்தோம், ஆனாலும் போனோம். இரண்டாவது ஸ்கேனும் சுத்தம். நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்ததால் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ஒரு முக்காலியைப் போட்டுக் காலைத் தூக்கி வைத்தோம், வடிந்தது.

அங்கே இருந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துவது, இருமலில் ரத்தம், மயக்கம், இவற்றில் எது வந்தாலும் உடனே 108. மலையில் மூச்சு வாங்கினால் குளிர், சளி என்று கஷாயம் வைத்துக்கொண்டிருப்பார்கள், அப்படி இருக்காதீர்கள் என்றார். அந்த நாலையும் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினோம்.

இப்போது அப்பா கைத்தடி ஊன்றி வாசல் வரை நடக்கிறார். ஆஸ்பிரினும் சர்க்கரை மாத்திரையும் தொடர்கின்றன. ரிவ்யூவுக்குக் கோயம்புத்தூர் போகும்போது வண்டியை மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, அவரை இறக்கிக் கொஞ்சம் நடக்க வைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறோம்.