2019-இல் முடிந்த உத்தரவு 2024-இல் என்னை மறித்த கதை

துப்பாக்கிக் கடைக்காரர் கணினித் திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மறுத்துவிட்டார்கள்" என்றார். காரணம் கேட்டேன். விற்பவரிடம் அதைச் சொல்லமாட்டார்களாம். ஒரு துண்டுச் சீட்டில் பரிவர்த்தனை எண்ணை எழுதிக் கொடுத்து, வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ.யிடம் மேல்முறையீடு செய்யும் முறை அச்சிட்ட தாளையும் தந்தார். 2024 அக்டோபர், ஹூஸ்டன்.

காரணம் எனக்குத் தெரியும். 2017-இல் ஓர் இரவு நான் வீட்டில் கத்தினேன்; படுக்கையறைக் கதவை உதைத்து உடைத்தேன். என் மனைவி பயந்துபோய் நீதிமன்றத்தை நாடினார். அவர் பயந்தது நியாயம். விசாரணை நாளில் நான் ஆஜராகி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு உத்தரவில் கையெழுத்திட்டேன். டெக்சாஸில் இத்தகைய உத்தரவு பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்கு மேல் போகாது. என்னுடையதில் 2019 மார்ச் என்று முடிவுத் தேதியே இருந்தது. குற்ற வழக்கு எதுவும் பதிவாகவில்லை. பிறகு விவாகரத்து ஆயிற்று. மாதத்தின் முதல், மூன்றாம், ஐந்தாம் வார இறுதிகளில் மகள் என்னிடம் வருகிறாள்.

எனக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்பீர்கள். ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் வாங்கி முருங்கையும் வெண்டையும் போட்டிருக்கிறேன். காட்டுப்பன்றிகள் ஒரே இரவில் பாத்தி முழுவதையும் உழுதுவிட்டுப் போய்விடும். தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதத்துடன் காட்டுப்பன்றி சுட 2019 முதல் இங்கே வேட்டை உரிமம்கூட வேண்டாம். வேலி போட்டேன், விளக்கு வைத்தேன். பலிக்கவில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற படிவத்தில், "துணைவரைத் துன்புறுத்தவோ மிரட்டவோ கூடாது என்னும் நீதிமன்ற உத்தரவுக்கு நீங்கள் உட்பட்டவரா" என்ற பொருளில் ஒரு கேள்வி உண்டு. இல்லை என்று எழுதியிருந்தேன், அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் படிவத்தில் பொய் சொன்னால் சிறைத் தண்டனை வரை போகும். கொள்முதல் மறுக்கப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறைக்குத் தகவல் போகவேண்டும் என்று 2022-இல் ஒரு சட்டமும் வந்திருக்கிறது. பச்சை அட்டையில் (கிரீன் கார்டு) வாழ்கிறவனுக்கு வாசலில் கார் நின்றாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். மறுநாள் காலையிலேயே வழக்குரைஞரைப் பார்த்தேன்.

நண்பர் ஒருவர், "பாதுகாப்பு உத்தரவுக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தைத்தான் நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டதே" என்று தேற்றியிருந்தார். அது பழைய செய்தி. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது உண்மை. 2024 ஜூன் 21 அன்று ராஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அதை மாற்றிவிட்டது. அதுவும் டெக்சாஸிலிருந்து போன வழக்குதான். படித்துப் பார்த்தபோது தீர்ப்பு சரி என்றே எனக்குப் பட்டது. 2017-இல் அந்த வீட்டில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

வழக்குரைஞர் விளக்கியது இதுதான். 922(ஜி)(8) என்ற அந்தப் பிரிவு உத்தரவு நடப்பில் இருக்கும் வரை மட்டுமே தடுக்கும். குடும்ப வன்முறைக்காகக் குற்றத் தீர்ப்பே ஆகியிருந்தால் அடுத்த பிரிவு பிடித்துக்கொள்ளும். அதற்குக் காலக்கெடு கிடையாது. என் நிலை முதல் வகை. ஆகவே சட்டத்தோடு எனக்கு வழக்கில்லை, ஒரு பதிவோடுதான்.

இணையம் வழியே காரணம் கேட்டு எழுதினேன். ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் வந்தது. அதே பிரிவு எண், பதிவை வைத்திருக்கும் உள்ளூர் அலுவலகத்தின் விவரம், அவ்வளவுதான். அந்த அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். மூன்றாம் முறை மேசையில் இருந்த அம்மையார் பொறுமையாகத் திரையில் தேடிப் பார்த்து, முடிவுத் தேதி இருக்கவேண்டிய இடத்தில் "காலவரையற்றது" என்று பதிவாகியிருப்பதைச் சொன்னார். யாரோ ஒருவர் ஒரு கட்டத்தில் தேதியைத் தட்டச்சு செய்யவில்லை. ஐந்தரை ஆண்டுகளாக நான் அதற்குள் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

திருத்தவேண்டுமானால் நீதிமன்ற எழுத்தரிடமிருந்து உத்தரவின் சான்றிட்ட நகல் வேண்டும் என்றார். நகல் எடுப்பது பெரிய வேலையா என்று போனால், என் பெயரில் கோப்பே இல்லை. நம் பெயர்களின் சங்கடம் உங்களுக்குத் தெரியும். என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. நீதிமன்றத்தில் அதை முதல் பெயராக்கி, என் பெயரைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள். வங்கி அட்டையில் வெறும் தலைப்பெழுத்து. 4473-இல் நடுப்பெயர் இல்லை என்பதற்கு "என்.எம்.என்." என்று எழுதச் சொல்கிறார்கள். எத்தனை இடமோ அத்தனை மனிதர்களாக இருக்கிறேன். பெயரைத் திருப்பிப் போட்டுத் தேடச் சொன்னேன், கோப்பு வந்தது. முத்திரை வைத்த அந்த நகலைக் காரில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். அன்று என் மனைவி கைப்பட எழுதிய மனுவும் கோப்பில் இருந்தது. அதைத் திறக்கவில்லை.

முன்னாள் மனைவியிடம் ஒரு கடிதம் வாங்கினால் வலு சேரும் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். என்னிடமிருந்து காக்கப்பட்டவரிடமே போய் எனக்காகப் பேசச் சொல்வது முறையாகாது. வழக்குரைஞரும் அதற்குத் தேவையே இல்லை என்றார்.

மேல்முறையீட்டுடன் சான்றிட்ட நகலையும், பெயர்க் குழப்பத்தை விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தையும், கைரேகைத் தாளையும் அனுப்பினேன். கைரேகை வைத்தது நல்லது. பெயர் எத்தனை விதமாக இருந்தாலும் விரல் மாறாது. உள்ளூர் அலுவலகத்துக்கும் அதே நகலைக் கொடுத்துப் பதிவைத் திருத்தச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தட்டியதுதான் உதவியது என்று நினைக்கிறேன். மேல்முறையீட்டை 60 நாட்களுக்குள் முடிக்கவேண்டும் என்பது 2018-இல் வந்த விதி. எனக்கு ஐம்பதாவது நாளில் மறுப்பு நீக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. கடையில் செய்த பழைய சரிபார்ப்புக்கு 30 நாள்தான் ஆயுள் என்பதால் படிவத்தை மீண்டும் நிரப்பவேண்டியிருந்தது.

இன்னொன்றையும் செய்தேன். இதே நிலையில் இருக்கும் எவரும் செய்யவேண்டும். அனுமதி கிடைத்த சரிபார்ப்பின் விவரங்களை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிடுகிறது. தனியுரிமைக்கு நல்லதுதான். ஆனால் இவ்வளவு பாடுபட்டு நிரூபித்ததும் அடுத்த முறை அவர்கள் கையில் இருக்காது. அதற்காகவே விருப்பத்தின்பேரில் பதிந்துகொள்ளும் கோப்பு ஒன்று இருக்கிறது. பதிந்தால் தனி அடையாள எண் தருவார்கள். பிறகு எப்போது வாங்கினாலும் படிவத்தில் அதைக் குறிப்பிடலாம். என் எண்ணை நகலோடு சேர்த்துப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன் இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரில் பொருத்தினேன். 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி வைத்தால் இங்கே குற்றம். பிறகு மகளின் அம்மாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: பன்றிக்காக வாங்கியிருக்கிறேன், பூட்டி வைத்திருக்கிறேன், உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. "சாவி எங்கே இருக்கும்?"

பெட்டிக்குச் சாவி இல்லை, என் கைரேகைக்கு மட்டுமே திறக்கும் என்று எழுதி, பெட்டியின் படத்தையும் அனுப்பினேன். அந்த வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு மகளை அழைத்துவந்து விட்டுப் போனார்.