முடி கொட்டுதா? ஈரல் பிரட்டல் வைங்க

சுங்கை சிப்புட்ல இப்போ அக்காங்க கையில எல்லாம் முடிக்குன்னு 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் (பி7 வைட்டமின்) மாத்திரை டப்பா. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராமே போதும்லா! அவிச்ச முட்டை ஒண்ணுல சுமார் 10 இருக்கு. ஈரல் பிரட்டல் வச்சா அன்னிக்குக் கணக்கு முடிஞ்சுது.

பச்சை முட்டையை அடிச்சுக் குடிக்கிற ஜிம் தம்பிங்களே, அந்த வெள்ளைக்கருவுல அவிடின்னு ஒரு புரதம் இருக்கு. பயோட்டினைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. வேக வச்சா அடங்கிடும்.

மாத்திரைதான் வேணும்னா, ரத்தம் எடுக்கப் போறப்ப கிளினிக்ல சொல்லிடுங்க. அதிக அளவு பயோட்டின் தைராய்டு ரிசல்ட்டைக் குழப்பும். மாரடைப்புக்குப் பார்க்கிற ட்ரோபோனினையும் குறைச்சுக் காட்டலாம், பயமே அதுதான். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே எச்சரிச்சது.

உண்மையான பயோட்டின் குறைபாடு ரொம்ப அபூர்வம். முடி கொட்டுனா இரும்புச் சத்தையும் தைராய்டையும் முதல்ல பாருங்க.