கட்லா ரத்தமும் கரித்தூளும்

விடிகாலையில் பவானிசாகர் கரையில் பரிசல் ஒதுங்கும்போது ஐஸ் பெட்டியோடு காத்திருப்பேன். "ஏனுங் அம்மிணி, ரத்தத்த எடுத்துப்போட்டு மீனத் திருப்பிக் குடுத்துருவீங்ளா?" என்று முதல் நாளே கேட்டார் பரிசல்கார அண்ணன். கொடுத்துவிடுவேன் என்றேன். மயக்க மருந்து கிடையாது. வாலருகே முதுகெலும்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாயில் ஊசி ஏற்றி இரண்டு மில்லி எடுத்தால் போதும், கறிக்கு ஒன்றும் ஆகாது.

நான் தேடியது பெண் கட்லாவின் ரத்தத்தில் எஸ்ட்ராடயால் என்ற பெண் ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தை. இந்த ஹார்மோன் கொழுப்பு ஜாதி, தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் கல்லீரல் செய்து அனுப்பும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் போகிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனையும் அதே புரதம் பிடிக்கும். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளப்பதுதான் என் வேலை.

முதல் இரண்டு பயணமும் வீண். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை ஊசியில் தடவாமல் போனேன், கெண்டை இனத்து ரத்தம் நொடியில் உறைந்துவிட்டது. மறுமுறை புளியம்பட்டி சந்தைக் கூட்டத்தில் பஸ் குலுக்கியதில் சிவப்பணுக்கள் உடைந்து, ரத்தத்தின் தெளிந்த நீரான பிளாஸ்மா செம்பருத்திச் சாறாகிவிட்டது. அந்த நிறம் கடைசியில் கதிரியக்கத்தை ஒளியாக்கி எண்ணும் கருவியையே ஏமாற்றும். அதன்பிறகு கரையிலேயே கையால் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ் வைத்துப் பிளாஸ்மாவைப் பிரித்து எடுத்துவந்தேன்.

சோதனை இப்படி. ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய எஸ்ட்ராடயாலைப் பிளாஸ்மாவில் கலந்து இரவு முழுக்கக் குளிரில் வைக்கவேண்டும். பிறகு டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பொருள் பூசிய கரித்தூளைச் சேர்த்தால், புரதம் பிடிக்காத ஹார்மோனைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். சுழற்றிக் கரியை அடியில் இறக்கிவிட்டு, மேலே நிற்கும் தெளிவில் கதிரியக்கத்தை எண்ணினால் பிடிபட்டது எவ்வளவு என்று தெரியும்.

சினைக்கு வந்த மீனில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. புரதம் இல்லையோ என்றே பயந்தேன். மீனின் சொந்த ஹார்மோனே எல்லா இடத்தையும் அடைத்து உட்கார்ந்திருந்தது! முதலில் பிளாஸ்மாவைக் கரித்தூளால் கழுவி, அதை வெளியேற்றிய பிறகே நான் போட்டதற்கு இடம் கிடைத்தது.

அதற்கடுத்து நடந்ததுதான் என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. ஒரே கலவை ஊற்றிய 24 குழாய்களில் எண்ணிக்கை முதல் குழாயிலிருந்து கடைசி வரை படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் உறைத்தது. முதல் குழாய்க்குக் கரி ஊற்றி, கடைசிக் குழாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அந்த ஏழு நிமிடத்தில் புரதம் பிடியை நழுவவிட, நழுவியதையெல்லாம் கரி வாங்கிக்கொண்டது. மனிதப் புரதத்துக்கு எழுதிய செய்முறையைப் பார்த்துச் செய்ததில் வந்த வினை. மீனுடையது அவ்வளவு நேரம் தாங்காது. எட்டெட்டுக் குழாயாகப் பிரித்தேன். கரிக்கலவை ஐஸில் இருந்தபடியே சுழன்றுகொண்டிருக்க, கூட்டாளி ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்து எண்ணிச் சொல்ல, நான் ஊற்றினேன். அன்றைக்கு எட்டும் ஒன்றுபோல வந்தன. அழுகையே வந்துவிட்டது.

வேறு ஹார்மோன் எஸ்ட்ராடயாலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கிறதா என்று பார்க்க, மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் போட்டுப் பார்த்தேன், எண்ணிக்கை அசையவில்லை. டெஸ்டோஸ்டிரோன் போட்டதும் சரிந்தது. கடைசியாகக் கருத்தடை மாத்திரையில் இருக்கும் எதினைல் எஸ்ட்ராடயால். மனிதரின் புரதம் இதை அநேகமாகத் தொடுவதே இல்லை. ஆனால் பல மீன்களின் புரதம் வலுவாகவே பிடிக்கும் என்று படித்திருந்தேன். கட்லாவும் பிடித்தது.

எனக்கு இது வெறும் எண் இல்லை. மீன் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்தே ஹார்மோனை இழுத்துக்கொள்ளும். கனடாவின் ஒன்டாரியோவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை இதே மருந்தை லிட்டருக்கு 5-6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்ததில், அங்கிருந்த ஒரு சிறுமீன் இனம் கிட்டத்தட்ட அற்றுப்போனது. மேட்டுப்பாளையத்துச் சாக்கடை கலந்துதான் பவானி இந்த அணைக்கு வருகிறது.

அடுத்து செவுளில் இந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். அண்ணனிடம் கேட்டதற்கு, "செவுள ஆரு திங்கறா? எத்தனை வேணுமோ எடுத்துக்குங் அம்மிணி" என்றார்.