வால்வு ஆபரேஷனுக்குக் காத்திருக்கும்போது: காலை எடையும் ஒரு நோட்டும்

இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தாயிற்று. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லியும் ஆயிற்று. தேதிதான் வரவில்லை. காப்பீட்டு அனுமதி, பல் பரிசோதனை, ரத்தம் ஏற்பாடு என்று வாரங்கள் போகும். இந்த வாரங்களில் வீட்டில் செய்யக்கூடிய மிக உபயோகமான வேலை தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வைப்பது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டரை விட, பி.பி. மெஷினை விட இதையே முதலில் சொல்வேன்.

உடம்பில் தங்கும் ஒரு லிட்டர் நீர் எடையில் ஒரு கிலோ. கால் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் இரண்டு மூன்று லிட்டர் தேங்கிவிடும். எடை மெஷின் அதை முதல் நாளிலேயே காட்டிக் கொடுத்துவிடும். எழுந்ததும் சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடிக்கும் முன், ஒரே மாதிரி உடையில் ஏறி நில்லுங்கள். மெஷின் சிமெண்டுத் தரையிலோ டைல்ஸிலோ இருக்கட்டும். பாய் மேல் வைத்தால் அளவு தப்பும். ஒரு நாளில் 1 கிலோவுக்கு மேலோ, 3 நாளில் 2 கிலோவோ ஏறினால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதுதான் உங்கள் கணக்கு. எடைக்குப் பக்கத்திலேயே இரவு எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள் என்றும் எழுதுங்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று அர்த்தம்.

எடை இறங்கினாலும் கவனிக்க வேண்டும். சித்திரை வெயிலில் வியர்வை ஒரு பக்கம், தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரை ஒரு பக்கம் என்று இழுக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றும், சிறுநீர் குறையும். அப்போது நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல், எடையையும் பி.பி.யையும் சொல்லி அளவை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது நாடித் துடிப்பு. இதயம் சுருங்கி முடித்து ஓய்வாக இருக்கும் அந்த இடைவெளியில்தான் மேலறையிலிருந்து ரத்தம் குறுகிய வால்வு வழியாகக் கீழே இறங்குகிறது. துடிப்பு வேகமானால் இடைவெளி குறையும், ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும், மூச்சு வாங்கும். காய்ச்சல், ரத்தசோகை, காபித் தோட்டத்து மேட்டில் சுமையோடு ஏறுவது எல்லாம் இந்த ஒரே வழியில்தான் ஆளைச் சாய்க்கின்றன. வேகத்தைக் குறைக்கக் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்பது இதனால்தான். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழுசாக 60 நொடி எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கினால், துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு விடை தப்பாகவே வரும். அவர்களுக்கு பி.பி. மெஷினும் ஒவ்வொரு தடவை ஒன்று காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் 3 தடவை பார்த்து சராசரி எழுதுங்கள். பார்க்கும் முன் 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும்.

ஆக்சிமீட்டரில் ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு விஷயம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் சேலத்தில் காட்டுவதைவிட ஒன்றிரண்டு புள்ளி குறைவாகக் காட்டலாம். எண்ணுக்குப் பக்கத்தில் "மேலே", "கீழே" என்று ஒரு வார்த்தை எழுதினால் டாக்டர் குழம்ப மாட்டார். மலைக்குளிரில் விரல் சில்லிட்டிருந்தாலும் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் எண் நிலைத்து நின்ற பிறகு எழுதுங்கள். மருதாணி, நகச்சாயம் இல்லாத விரலாக இருக்கட்டும்.

தண்ணீர் ஒன்றரை லிட்டர் என்று சொல்லியிருந்தால், காலையிலேயே அந்த அளவை ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள். காபியோ மோரோ ரசமோ கஞ்சியோ குடிக்கும் ஒவ்வொரு முறையும் அதே அளவை பாட்டிலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. உப்புக்கும் டாக்டர் சொன்ன அளவுதான் கணக்கு; ஒரு தேக்கரண்டி சுமார் 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாயங்காலத் தட்டுவடை செட் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். கடையில் விற்கும் "சோடியம் குறைந்த உப்பு" வேண்டவே வேண்டாம். அதில் பொட்டாசியம் இருக்கிறது. சில நீர் மாத்திரைகளோடு சேர்ந்தால் இதயத் துடிப்பையே கெடுக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு வாரம் தினமும் தின்று அடுத்த வாரம் விட்டால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) ஏறி இறங்கும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கூடாது. ரத்தக்கசிவு ஒரு ஆபத்து, அதோடு அவை உப்பையும் நீரையும் உடம்பில் தங்க வைக்கும். ஆபரேஷனுக்கு எத்தனை நாள் முன்பு உறையாமை மாத்திரையை நிறுத்துவது என்பதை ஆஸ்பத்திரி சொல்லும் தேதிப்படியே செய்யுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். வால்விலேயே கிருமி தொற்றியிருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையை, முன்கூட்டிப் போட்ட மாத்திரை கெடுத்துவிடும். வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க 3 வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை, "ஆபரேஷன்தான் ஆகப்போகிறதே" என்று விடுகிறவர்கள் உண்டு. விடக்கூடாது. பல் சொத்தையையும் இப்போதே பார்த்து முடித்துவிடுங்கள். வால்வு நோய் இருப்பதையும் உறையாமை மாத்திரை சாப்பிடுவதையும் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

மலையிலிருந்து செக்கப்புக்கு வருபவர்களைப் படுத்துவது நீர் மாத்திரை. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து சுமார் 6 மணி நேரம் வேலை செய்யும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் பஸ்ஸில் எங்கே போய் ஒதுங்குவது? அதற்குப் பயந்து பலர் அன்றைக்கு மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். அன்று மட்டும் சேலம் வந்து சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று முந்தைய செக்கப்பிலேயே கேட்டு நோட்டில் எழுதி வாங்குங்கள்.

நடு இரவில் மூச்சு முட்டி எழுந்து, உட்கார்ந்தும் அடங்காவிட்டால், சளி நுரைத்து இளஞ்சிவப்பாக வந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108. மலைப்பாதையில் வண்டி வர நேரம் பிடிக்கும். மூச்சு முட்டுபவரைப் படுக்க வைக்காமல் கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். நோட்டையும் மாத்திரைப் பையையும் அவரோடு வண்டியில் ஏற்றிவிடுங்கள்.