வீட்டையே ஓட்டிச் செல்லும் நாள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், குவார்ட்சைட் ஊருக்குத் தெற்கே, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்க அனுமதிக்கும் லா போசா அரசு நிலத்தில் நாங்கள் வீடாகவே வைத்துக் குடியிருக்கும் கேம்பர் வண்டி நிற்கிறது. நிறுத்துமிடத்தில் குழாயும் இல்லை, மின்இணைப்பும் இல்லை என்பதால், தண்ணீர் பிடிப்பதும் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்வதுமே இங்கு முதன்மையான வேலைகள்.

கழிப்பறைத் தொட்டியின் அடைப்பானை, தொட்டி ஏறக்குறைய நிரம்பும்வரை திறக்கக்கூடாது. அவ்வப்போது திறந்துவிட்டால் நீர் மட்டும் வடிந்து, மற்றவை உள்ளேயே காய்ந்து இறுகிவிடும். கழிவகற்று நிலையத்தில் முதலில் அதைத் திறந்து, பிறகு பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேர்ந்த தொட்டியைத் திறந்தால், அந்தச் சோப்பு நீரே குழாயை ஓரளவு அலசிவிடும். இதற்காக ஒவ்வொரு முறையும் சமையலறைச் சாமான்களையெல்லாம் கட்டிவைத்துவிட்டு வீட்டையே கிளப்பிக்கொண்டு போவது சலிப்பூட்டும் வேலை (என் மனைவியிடம் கேட்டால் இன்னும் கடுமையாகச் சொல்வார்).

பக்கத்து வண்டியில் இருக்கும் கனடாக்காரப் பெரியவர், நாங்கள் கேட்காமலேயே, தம் பிக்கப் வண்டியில் ஊருக்குள் போகும்போதெல்லாம் எங்கள் குடிநீர்க் கேன்களையும் எடுத்துச் சென்று நிரப்பி வருகிறார். முழங்கால் வலியால் அவரால் ஏணி ஏற முடியாது. எனவே அவருடைய கூரையிலுள்ள சூரியத் தகடுகளில் படியும் பாலைப் புழுதியை, வெயில் ஏறுவதற்கு முன் நான் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். நாளை காற்று பலமாக வீசுமாம். இருட்டுவதற்குள் எங்கள் வண்டியின் பந்தல் துணியைச் சுருட்டிவிடும்படி சற்றுமுன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.