சாவிக்கொத்தும் கூண்டுப் பறவையும்

நேற்று ராத்திரி புழுக்கத்தில் தூக்கம் வராமல், ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்ட 'லெ சமுராய்' பார்த்தேன். 1967-ல் ழான் பியர் மெல்வில் எடுத்த பிரெஞ்சுப் படம். ஆரம்பத்தில் கிட்டத்தட்ட பத்து நிமிஷம் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பக்கத்தில் படுத்திருந்த தம்பி "ண்ணா, படம் நின்னுபோச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அலன் டெலோன் நடித்திருப்பது கூலிக்குக் கொலை செய்கிறவனாக. கார் திருடும் இடம் ஒன்று வரும் பாருங்கள், மழையில் நிற்கும் சிட்ரோயனுக்குள் உட்கார்ந்து, வளையத்தில் கோத்த சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சேராததைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டே வருகிறான், முகத்தில் ஒரு சலனம் இல்லை, நமக்குத்தான் கை வியர்க்கிறது. எங்கள் வடசென்னை ஏரியாவைச் சினிமாவில் காட்டினால் உடனே கத்தி, ஓட்டம், கூச்சல். இதில் அவன் தொப்பி விளிம்பைச் சரிசெய்வதே ஒரு சீன்.

அப்புறம் அந்தக் கூண்டுப் பறவை. அவன் இல்லாத நேரத்தில் ரூமுக்குள் ஆள் வந்துபோனதை, அது படபடப்பதையும் உதிர்ந்த இறகையும் வைத்தே கண்டுபிடிக்கிறான். எனக்கு எதிர்மாடியில் புறா வளர்க்கும் அண்ணன் ஞாபகம்தான் வந்தது. ராத்திரி பூனை வந்துபோயிருந்தால், காலையில் கூண்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார்.

இன்று தண்டையார்பேட்டை டீக்கடையில் அந்த அண்ணனுக்குப் பறவை சீனை மட்டும் போனில் காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, "கூண்டு ரொம்பச் சின்னதுப்பா" என்றார்.